ஆறு அரித்தால் மலை ஏன் உயர்கிறது?

2024 செப்டம்பர் 30 அன்று, ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வை உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் எடுத்துப் போட்டன. எவரெஸ்டிலிருந்து சுமார் 75 கி.மீ. தள்ளி ஓடும் அருண் என்ற ஆறு, அந்தச் சிகரத்தை 15 முதல் 50 மீட்டர் வரை உயர்த்தியிருக்கிறது, இன்னமும் உயர்த்திக்கொண்டிருக்கிறது என்பது செய்தி. படித்த பலருக்குத் தலை சுற்றியிருக்கும். ஆறு என்றால் மலையைக் கரைத்து மண்ணை அடித்துக்கொண்டு போவதுதானே? பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே படித்தோம்? பூமிக்கு உள்ளே இருக்கும் அக விசைகள் மலையைக் கட்டும். காற்று, மழை, ஆறு, பனி என்ற புற விசைகள் அதை இடிக்கும். இடிக்கிறவனே எப்படிக் கட்டுகிறவன் ஆனான்?

செய்தி சரிதான். பாடப்புத்தகமும் தப்பில்லை. ஆனால் இரண்டு விசைகளையும் எதிரெதிர்க் கட்சிகளாக மனதில் பதியவைத்த விதத்தில்தான் கோளாறு. அவற்றை இணைக்கும் மூன்றாவது விஷயம் ஒன்று இருக்கிறது; அது பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகப்படும். அதைப் புரிந்துகொண்டால் அருண் ஆற்றின் கதை மட்டுமல்ல, சென்னைப் பரங்கிமலையின் கதையும் விளங்கும்.

முதலில், மலை எப்படி வந்தது?

இந்தப் பகுதி பலருக்கும் தெரிந்தது என்பதால் வேகமாகச் சொல்லிவிடலாம்.

1. பூமியின் வெளிப்புறத் தோலுக்கு மேலோடு என்று பெயர். கடலுக்கு அடியில் இது சுமார் 7 கி.மீ. தடிமன், கண்டங்களில் சராசரியாக 35 கி.மீ. அதற்குக் கீழே இருப்பது கவசம்.

2. மேலோடும் கவசத்தின் மேற்பகுதியும் சேர்ந்து விறைப்பான பெரும் பலகைகளாக உடைந்து கிடக்கின்றன. இவைதான் புவித்தட்டுகள். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் இவை நகர்கின்றன.

3. தென்கோளத்தில் கோண்ட்வானா என்ற பெருங்கண்டத்தோடு ஒட்டியிருந்த இந்தியா, அதிலிருந்து பிய்ந்து வடக்கே நகர்ந்தது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 செ.மீ.க்கும் மேல் ஓடியது. தட்டுகளின் கணக்கில் அது பாய்ச்சல். வழியில் இருந்த டெத்திஸ் கடலை மூடிக்கொண்டே போய், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதியது.

4. கடல் தரை கனமானது. மோதினால் கீழே அமிழ்ந்துபோகும். கண்ட மேலோடு இலேசானது, எளிதில் அமிழாது. ஆகவே இந்தியாவின் முன்விளிம்பு மடிந்து, உடைந்து, துண்டுக்கு மேல் துண்டாக ஏறி அடுக்கிக்கொண்டது. அந்த அடுக்குதான் இமயமலை. மோதல் முடிந்துவிடவில்லை. இந்தியா இன்றும் ஆண்டுக்கு 4 முதல் 5 செ.மீ. வடக்கே தள்ளுகிறது, அதில் ஏறக்குறைய 2 செ.மீ. இமயமலையின் குறுக்கே நசுக்கலாகச் சேர்கிறது.

மூடப்பட்ட அந்தக் கடலுக்குச் சாட்சி நம் வீட்டுப் பூஜை அறைகளிலேயே இருக்கிறது. வைணவர்கள் வழிபடும் சாளக்கிராமக் கல், நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைப்பது. அதன் உள்ளே தெரியும் சக்கரம், அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல்வாழ் உயிரின் ஓடு பதிந்த தடம். 15 கோடி ஆண்டுகளுக்கு முன் டெத்திஸ் கடலின் சேற்றில் புதைந்தது, இன்று திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசத்தின் பக்கத்தில், கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஆற்றில் உருண்டு வருகிறது. எவரெஸ்டின் உச்சிப் பாறையும் சுண்ணாம்புக்கல்தான். 40 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கடல் உயிர்களின் துணுக்குகள் அதில் இருக்கின்றன. (அரியலூரிலும் அம்மோனைட் கிடைக்கிறதே என்று கேட்கலாம். அங்கே கடல் நிலத்துக்குள் ஏறி வந்து பிறகு பின்வாங்கியது. கடற்படிவு மலை உச்சிக்குப் போக வேண்டுமானால் அது போதாது, மோதல் வேண்டும்.)

இதுவரை எல்லாம் அக விசை. குழப்பம் இதற்கு மேல்தான் ஆரம்பிக்கிறது.

தூக்குக்குண்டு சொன்ன கணக்கு

1802 ஏப்ரல் 10. பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, தரையில் ஓர் எஃகுச் சங்கிலியை நீட்டி அளக்க ஆரம்பித்தார். சுமார் 12 கி.மீ. நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளந்து முடிக்க 57 நாள் பிடித்தது. அந்த ஒரு கோட்டை அடிப்படையாக வைத்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளக்கும் வேலை அங்கிருந்து கிளம்பியது. (வழியில் 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள கோணமானி சுவரில் மோதி நசுங்கிய கதையும் உண்டு. லாம்ப்டன் உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்தினார்.) எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் முதன்முதலில் கணக்கிடப்பட்டதும் இந்த அளவைத் தொடரின் வடக்கு முனையில்தான்.

இந்த வேலைக்கு நடுவே ஒரு சிறு பிசகு தலைகாட்டியது. வடக்கே கல்யாணா, தெற்கே கல்யாண்பூர் என்று இரண்டு ஊர்கள். இடையே ஏறக்குறைய 600 கி.மீ. இவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தை இரண்டு வழிகளில் கண்டார்கள். ஒன்று, தரையில் முக்கோணம் போட்டு. மற்றொன்று, இரு ஊர்களிலும் விண்மீன்களைப் பார்த்து அட்சரேகையைக் கண்டுபிடித்து. இரண்டு விடைகளும் 5.236 விநாடி வேறுபட்டன (இது நேரத்தின் விநாடி அல்ல; ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு). கோணத்தில் அது துளி. தரையில் 160 மீட்டர். அந்த அளவைக்காரர்களின் கறார்த்தனத்துக்கு அது தாங்க முடியாத பிழை.

காரணம் தூக்குக்குண்டு. விண்மீனின் கோணத்தை அளக்க ‘நேர் செங்குத்து எது’ என்று தெரிய வேண்டும். கொத்தனார் சுவருக்குப் பிடிப்பதுபோல நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு அதைத்தான் செங்குத்து என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பக்கத்தில் இமயமலை போன்ற ஒரு பெரும் பாறைத் திரள் இருந்தால், அதன் ஈர்ப்பு குண்டைத் தன் பக்கம் லேசாக இழுக்கும். கல்யாணா மலைக்கு அருகில் இருப்பதால் இழுப்பு அங்கே அதிகம்.

கல்கத்தாவில் ஆர்ச்டீக்கனாக இருந்த ஜான் பிராட் என்ற பாதிரியார், கணிதத்தில் கெட்டிக்காரர். இமயமலையின் எடை இவ்வளவு இருக்கும், ஆகவே குண்டு இவ்வளவு சாய வேண்டும் என்று 1855-இல் கணக்குப் போட்டார். விடை 15.885 விநாடி வந்தது. உண்மையில் இருந்த பிசகோ 5.236. அதாவது மலை தன் எடைக்கு உரிய இழுப்பில் மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டியது. மீதி எடை எங்கே போனது?

அதே 1855-இல் பிரிட்டனின் அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி ஒரு விளக்கம் சொன்னார். மலைக்கு வேர் இருக்கிறது. மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதைப்போலப் பல மடங்கு இலேசான மேலோட்டுப் பாறை கீழே, கனமான கவசத்துக்குள் அமிழ்ந்திருக்கிறது. கனமான பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இலேசான பொருள் இருப்பதால், மேலே உள்ள மலையின் கூடுதல் ஈர்ப்பைக் கீழே உள்ள பற்றாக்குறை ஈடுகட்டிவிடுகிறது. பிராட் வேறொரு விளக்கம் வைத்திருந்தார். இமயமலையைப் பொறுத்தவரை ஏரியின் படமே உண்மைக்கு நெருக்கம். பிற்காலத்தில் நிலநடுக்க அலைகளை வைத்துப் பார்த்தபோது திபெத்தின் அடியில் மேலோடு சுமார் 70 கி.மீ. தடிமனாக, சராசரியைப்போல் இரண்டு மடங்காக, இருப்பது தெரிந்தது. வேர் இருந்தது.

மலை நிற்கவில்லை, மிதக்கிறது. இந்தச் சமநிலைக்கு 1880-களில் அமெரிக்கப் புவியியலாளர் கிளாரன்ஸ் டட்டன் ஐசோஸ்டசி என்று பெயர் வைத்தார். தமிழில் மிதவைச் சமநிலை என்று சொன்னால் பொருள் சரியாக வரும்.

மிதவையில் கணக்கு எப்படி?

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். கவசம் திரவமா? இல்லை, அது திடப் பாறை. ஆனால் சாலை போடும் தார்க்கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாக உடையும். பீப்பாயைச் சாய்த்துவைத்துவிட்டு நாள்கணக்கில் விட்டால் மெல்ல வழியும். கவசமும் அப்படித்தான். நிலநடுக்க அலைக்கு அது திடம்; பல ஆயிரம் ஆண்டு அழுத்தத்துக்கு அது பாகு. அதனால் அதன்மேல் மிதக்க முடிகிறது.

இப்போது கணக்கு.

1. மேலோட்டுப் பாறையின் அடர்த்தி ஏறக்குறைய 2.8, கவசத்தின் அடர்த்தி 3.3 (நீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால்). விகிதம் சுமார் 0.85.

2. ஒரு பரந்த நிலப்பரப்பின் மேலிருந்து சராசரியாக 100 மீட்டர் தடிமனுக்குப் பாறையை அரித்து அகற்றினால், பாரம் குறைந்த மேலோடு கீழிருந்து சுமார் 85 மீட்டர் எழும்பும். ஆட்கள் இறங்க இறங்கப் பரிசல் மேலே வருவதுபோல.

3. ஆக, 100 மீட்டர் போனாலும் நிலத்தின் சராசரி உயரம் குறைவது 15 மீட்டர்தான்.

4. இந்த 100 மீட்டர் ‘சராசரி’ என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறு எல்லா இடத்தையும் ஒரே சீராகச் செதுக்காது. பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான மீட்டர் தோண்டும். சிகரத்தின் நுனியில் ஏறக்குறைய எதையும் தொடாது. ஆனால் எழும்புவது பள்ளத்தாக்கு, சிகரம் எல்லாம் சேர்ந்த மொத்த நிலமும்.

5. எனவே, தொடப்படாத சிகரம் 85 மீட்டர் லாபத்தையும் முழுசாக எடுத்துக்கொள்ளும். நட்டம் பள்ளத்தாக்குக்கு.

மணல் ஏற்றிய தோணியை வைத்துப் பார்த்தால் சுலபம். தோணியின் இரு ஓரத்திலும் இரண்டு குவியல், நடுவிலும் மணல். நடுவில் இருப்பதை மட்டும் கூடை கூடையாக அள்ளி இறக்குங்கள். தோணி எழும். ஓரத்துக் குவியலில் ஒரு பிடி மணலும் கூடவில்லை. ஆனாலும் அதன் உச்சி நீர்மட்டத்திலிருந்து முன்பைவிட உயரமாக நிற்கும்.

இதுதான் செய்தியின் முழு ரகசியமும். அரிப்பு மலைத்தொடரின் சராசரி உயரத்தைக் குறைக்கிறது. அதே சமயம் அதன் சிகரங்களை உயர்த்துகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ‘மலை உயர்கிறதா தேய்கிறதா’ என்று கேட்டால், எந்த உயரத்தைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதுதான் நேர்மையான பதில்.

அருண் செய்த வேலை

அருண் ஒரு விசித்திரமான ஆறு. இமயமலைக்குத் தெற்கே பிறக்காமல், வடக்கே திபெத்தில் பிறக்கிறது. எவரெஸ்டின் வடபுறமாகக் கிழக்கு நோக்கி ஓடி, திடீரென்று தெற்கே திரும்பி, உலகின் மிக உயர்ந்த மலைத்தொடரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு நேபாளத்துக்குள் இறங்கி, கோசி ஆற்றோடு சேர்கிறது. ‘ட’ எழுத்தைத் திருப்பிப் போட்டதுபோன்ற இந்தப் பாதை புவியியலாளர்களை நூறாண்டுக்கும் மேலாக உறுத்திக்கொண்டிருந்தது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜையும் சீனாவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் தந்த விளக்கம் இது: சுமார் 89,000 ஆண்டுகளுக்கு முன்பு, தெற்கே ஓடிய ஆறு தன் தலைப்பகுதியைப் பின்னோக்கி அரித்து அரித்துப் போய், திபெத்தில் வேறு பாதையில் ஓடிக்கொண்டிருந்த ஆற்றைத் தொட்டு, அதன் நீரை எல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இதற்கு ஆற்றுக் கவர்வு என்று பெயர். பக்கத்து வயல்காரர் வாய்க்காலை ஆழமாக வெட்டினால் நம் வாய்க்கால் நீரும் அங்கே போய்விடும் அல்லவா, அதுதான். வரப்புத் தகராறு இல்லை, அவ்வளவே.

திடீரென்று நீர் பெருகிய ஆறு வெறிபிடித்ததுபோல அறுக்க ஆரம்பித்தது. பள்ளத்தாக்கு ஆழமானது, கோடிக்கணக்கான டன் பாறை வெளியேறியது, பாரம் குறைந்தது, சுற்றுவட்டாரம் எழும்பியது. ஆய்வு தரும் 15 முதல் 50 மீட்டரை 89,000 ஆண்டுகளுக்கு வகுத்தால், ஆண்டுக்கு 0.17 முதல் 0.56 மி.மீ. வருகிறது. எவரெஸ்ட் மொத்தமாக ஆண்டுக்குச் சுமார் 2 மி.மீ. எழும்புவதாக ஜிபிஎஸ் அளவீடுகள் காட்டுகின்றன. ஆக, ஆற்றின் பங்கு சில்லறைதான். பெரும்பங்கு இன்னும் தட்டுகளின் மோதலுக்கே. ‘எவரெஸ்ட் உயரமாக இருப்பதற்கு ஆறுதான் காரணம்’ என்ற மாதிரி வந்த தலைப்புகள் சற்று அத்துமீறல்.

ஆறு 75 கி.மீ. தள்ளி ஓட, இங்கே எப்படி உயரும் என்றும் கேட்கலாம். மேலோடு விறைப்பானது, தோண்டிய இடத்தில் மட்டும் குமிழ்போல எழாது. கயிற்றுக் கட்டிலில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் எழுந்தால், பக்கத்தில் இருப்பவரும் சற்று மேலே வருகிறார் அல்லவா? கயிறு இழுவையைப் பரப்பிவிடுகிறது. அதே காரணத்தால் அருணுக்கு இன்னும் அருகில் இருக்கும் மகாலு சிகரத்துக்கு இந்த லாபம் எவரெஸ்டைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

ஆய்வில் கேள்விக்குரிய இடமும் உண்டு. ஆற்றுக் கவர்வு எப்போது நடந்தது என்பது கணினி மாதிரியிலிருந்து வந்த மதிப்பீடு. பாறையில் நேரடியாகத் தேதி போட்டு எடுத்ததல்ல. காலம் மாறினால் மீட்டர் கணக்கும் மாறும். ஆனால் அடிப்படை இயற்பியலில் சந்தேகம் இல்லை. ஏனென்றால் அதை வேறு இடங்களில் கண்ணாலேயே பார்க்க முடிகிறது.

பாரம் இறங்கிய மற்ற இடங்கள்

பனியுகத்தில் ஸ்காண்டிநேவியாவின் மேல் ஏறக்குறைய 3 கி.மீ. தடிமனுக்குப் பனி கிடந்தது. அந்த எடையில் நிலம் அமிழ்ந்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகி முடிந்தது. நிலமோ இன்னும் எழுந்து முடியவில்லை. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள போத்னியா வளைகுடாப் பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 மி.மீ. வரை தரை உயர்கிறது. எவரெஸ்டைவிட வேகம்! பழைய துறைமுகங்கள் கடலிலிருந்து விலகி வயலுக்கு நடுவே நிற்கின்றன. பின்லாந்தின் குவார்க்கென் தீவுக்கூட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் ஒரு சதுர கி.மீ. புதிய நிலம் கடலிலிருந்து வெளிப்படுகிறது. யாருக்குப் பட்டா என்பதற்கு அங்கே தனிச் சட்ட நடைமுறையே இருக்கிறது. பாரம் போனது அன்று, எழுச்சி இன்று: இந்தத் தாமதத்தில் கவசத்தின் தார்க்குணம் தெரிகிறது.

நமக்கு இன்னும் பக்கத்தில், வங்கதேசத்தில், ஒவ்வொரு பருவமழைக்கும் வெள்ள நீரின் எடையில் தரை சில சென்டிமீட்டர் தாழ்ந்து, நீர் வடிந்ததும் திரும்ப எழுகிறது. இது கவசம் வழியும் வேலையல்ல. ரப்பர்போலத் தரை உடனே அழுந்தி உடனே மீளும் வேறு ரகம். ஆனால் எடைக்கு நிலம் எவ்வளவு கூச்சப்படுகிறது என்பதற்கு நல்ல உதாரணம். நேபாள இமயமலையில் சிறு நிலநடுக்கங்கள் மழைக்காலத்தில் குறைந்து குளிர்காலத்தில் கூடுவதையும் இந்த நீர்ப்பாரத்தோடு சேர்த்தே ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

உயரம் மாறினால் எல்லாம் வளர்ச்சியா?

இன்னொரு குழப்பத்தையும் இதோடு தீர்த்துவிடலாம். எவரெஸ்டின் உயரமாகச் சொல்லப்பட்டவை:

1856-இல் 29,002 அடி, அதாவது சுமார் 8,840 மீட்டர். இந்தக் கணக்கில் பெரும்பங்கு வங்கக் கணித அறிஞர் ராதாநாத் சிக்தாருடையது.
1955-இல், இந்திய அளவைத் துறையின் கணக்கில், 8,848 மீட்டர்.
2005-இல், சீன அளவீட்டில், 8,844.43 மீட்டர்.
2020 டிசம்பர் 8 அன்று நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர்.

இவற்றை வரிசையாக வைத்து ‘மலை வளர்ந்தது, சுருங்கியது, மறுபடி வளர்ந்தது’ என்று சொல்வது அபத்தம். ஆண்டுக்கு 2 மி.மீ. வீதம் 1856-லிருந்து இன்றுவரை கூட்டினாலும் 35 செ.மீ. தேறாது. மீதி வித்தியாசம் எல்லாம் அளவையில். காற்று ஒளியை வளைப்பது, ‘கடல்மட்டம்’ என்பதை மலைக்கு அடியில் எந்த இடமாகக் கொள்வது, உச்சியில் பனியோடு அளப்பதா பாறைவரை தோண்டி அளப்பதா என்பவை. 2005-இன் எண் குறைந்ததற்குக் காரணம் சீனர்கள் பாறையின் உயரத்தை அறிவித்ததே.

உண்மையான ஏற்ற இறக்கமோ சில நொடியிலும் நடக்கும். 2015 ஏப்ரல் 25 அன்று கோர்க்காவை மையமாகக் கொண்டு 7.8 அளவில் நிலம் நடுங்கி, ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். அன்று காத்மாண்டு பள்ளத்தாக்கின் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்தது. அதற்கு வடக்கே உள்ள உயர்ந்த தொடர்களின் சில பகுதிகள் தாழ்ந்தன. ஆண்டுக்கு 2 செ.மீ. நசுக்கல் பற்றிச் சொன்னேன் அல்லவா? மலைக்கு அடியிலுள்ள பெரிய பிளவு பூட்டிக்கொண்டிருப்பதால் அந்த நசுக்கல் நழுவாமல் சேர்ந்துகொண்டே போகிறது. பூட்டு விடும்போது பாறைத் திரள் தெற்கே பாய்கிறது. காத்மாண்டுக்கு மேற்கே பல இடங்களில் பல நூறு ஆண்டுகளாகப் பூட்டு திறக்கவில்லை. டேராடூன், நைனிதால் பக்கத்து ஊர்களைப் பற்றி நிலநடுக்க ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எச்சரிப்பது இதனால்தான்.

அள்ளிய மண் எங்கே போகிறது?

சிகரம் ஏறியதைக் கொண்டாடும் செய்திகள் பெரும்பாலும் கேட்காத கேள்வி இது. மலையிலிருந்து போன பாறை ஆவியாகிவிடாது. யாரோ ஒருவருடைய ஊர் வழியாகத்தான் அது போயாக வேண்டும்.

அருண் சேரும் கோசிக்கு ‘பீகாரின் துயரம்’ என்று பெயர். மலையிலிருந்து சமவெளிக்கு வந்ததும் சரிவு குறைகிறது. தூக்கிவந்த மணலையும் வண்டலையும் சுமக்க முடியாமல் ஆறு அங்கேயே கொட்டுகிறது. ஆற்றின் படுகை பக்கத்து நிலத்தைவிட உயரமாகிறது. அப்புறம் ஒரு வெள்ளத்தில் கரை உடைந்து தாழ்வான பக்கத்துக்கு ஓடுகிறது. இப்படித் தாவித் தாவி, சுமார் 200 ஆண்டுகளில் கோசி நூறு கி.மீ.க்கும் மேல் மேற்கே நகர்ந்தது. 1950-களின் பிற்பகுதியில் இருபுறமும் கரை எழுப்பி ஆற்றைக் கட்டிப்போட்டார்கள். தண்ணீரைக் கட்டலாம், வண்டலைக் கட்ட முடியாது. கரைகளுக்கு நடுவே படுகை ஏறிக்கொண்டே போனது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசாகாவில் கரை உடைந்து, ஆறு தன் பழைய கிழக்குப் பாதையைப் பிடித்துக்கொண்டது. பீகாரில் மட்டும் 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள்.

எவரெஸ்ட் உயர்கிறது என்ற ஆய்வு வெளியானதற்கு முந்தின நாள், 2024 செப்டம்பர் 29 அன்று, பீர்ப்பூர் தடுப்பணையிலிருந்து கோசியில் விநாடிக்கு 6.61 லட்சம் கன அடி நீர் பாய்ந்தது. 1968-க்குப் பிறகு அதுவே அதிகம். ஒரே ஆற்றுத் தொகுதியைப் பற்றிய இரண்டு செய்திகள் இரண்டே நாளில் வந்தன. இரண்டையும் சேர்த்து யாரும் எழுதியதாகக் கண்ணில் படவில்லை.

கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 100 கோடி டன் வண்டலை இறக்குகின்றன. அதில் ஒரு பங்கு வங்கதேசத்தின் கழிமுகத்தைக் கட்டுகிறது. மீதி கடலுக்குள் சரிந்து, வங்காள விரிகுடாவின் தரையில் விசிறிபோலப் பரவுகிறது. இந்த வண்டல் விசிறி சுமார் 3,000 கி.மீ. நீளம், வடக்குப் பகுதியில் 16 கி.மீ. வரை தடிமன். இலங்கைக்குக் கிழக்கே ஆழ்கடல் தரையில் கிடப்பதும், நிலநடுக்கோட்டைத் தாண்டிப் போய்ப் படிந்திருப்பதும் இமயமலைச் சேறுதான். மலையிலிருந்து கழிந்த பாறையில் பெரும்பகுதி இங்கே இருக்கிறது. 2015-இல் சர்வதேசக் கடலடித் துளைப்புத் திட்டத்தின் கப்பல் ஒன்று இங்கே துளை போட்டு மாதிரி எடுத்தது, இமயமலையின் வரலாற்றைப் படிக்க. மலையின் கணக்குப் புத்தகம் மலையில் இல்லை, கடலடியில் இருக்கிறது.

இது எங்கே போய் முடியும்?

மோதல் ஓயும்வரை இமயமலைக்கு மேலே தள்ளும் விசை கிடைத்துக்கொண்டிருக்கும். அதற்காக வானளாவ வளர்ந்துவிடாது. உயரம் கூடக் கூடப் பனியாறுகள் செதுக்கும் வேகம் கூடுகிறது, சரிவுகள் செங்குத்தாகி இடிகின்றன, அடியிலுள்ள சூடான பாறை எடை தாங்காமல் பக்கவாட்டில் பிதுங்குகிறது. செவ்வாய்க் கோளின் ஒலிம்பஸ் மோன்ஸ் எரிமலை எவரெஸ்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்க முடிவதற்கு, அங்கே ஈர்ப்பு குறைவு என்பதும் ஒரு காரணம்.

மோதல் நின்ற பிறகு என்ன ஆகும்? மேலே பார்த்த கணக்கை அப்படியே நீட்டினால் போதும். 100 மீட்டர் அரித்தால் 15 மீட்டர் தாழும். அப்படியானால் சராசரி உயரத்தில் 3 கி.மீ. குறைய வேண்டுமென்றால் 20 கி.மீ. தடிமனுக்குப் பாறை போயாக வேண்டும். மேலே தேயத் தேய, வேர் கீழிருந்து எழுந்து வந்துகொண்டே இருக்கும். மலை அழிய இத்தனை கோடி ஆண்டுகள் பிடிப்பதும் இதனால்தான். கடைசியில் தரைமட்டத்தில் நமக்குக் கிடைப்பது மலையின் மேற்பாறையாக இருக்காது. ஒரு காலத்தில் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்துகொண்டிருந்த அடிப்பாறையாக இருக்கும்.

அந்தப் பாறை எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால், லாம்ப்டன் சங்கிலியை நீட்டிய அதே இடத்துக்குப் போகலாம். பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் சார்னோகைட் என்ற பாறையால் ஆனவை. கல்கத்தாவோடு பெயர் சேர்த்துப் பேசப்படும் ஜோப் சார்னோக்கின் கல்லறைக்கல் இந்தப் பகுதிப் பாறையில் செய்யப்பட்டது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. அதிலுள்ள கனிமங்களைப் பார்த்தால், அவை உருவான இடம் தரைக்குக் கீழே ஏறக்குறைய 20 கி.மீ. ஆழம் என்று தெரிகிறது. அங்கிருந்து தரைக்கு வந்தது ஒரே மூச்சில் நடந்ததல்ல. பல கட்டங்களில், பல கோடி ஆண்டு இடைவெளிகளில். ஆனால் அதன்மேல் இருந்த 20 கி.மீ. பாறையும் எப்போதோ, எந்தெந்தப் பெயர் தெரியாத ஆறுகளாலோ அள்ளிச் செல்லப்பட்டுவிட்டது. மிச்சம் இருக்கும் அடித்தளத்தின் மேல் இன்று மாதா கோயில் நிற்கிறது, படி ஏறிப்போனால் மீனம்பாக்கத்து ஓடுபாதை தெரியும்.